அரியர் விழுந்த பிள்ளையிடம் முதலில் என்ன கேட்பது?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியை ஒருவரின் பதில்கள்

கேள்வி: வணக்கம் அம்மா. என் மகன் பி.இ. மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி அவனாகத்தான் இருப்பான். மூன்றாவது செமஸ்டரில் கணக்கில் அரியர் விழுந்துவிட்டது. ரிசல்ட் வந்து மூன்று வாரம் கழித்து, அவனோடு படிக்கும் பையனின் அம்மா ரேஷன் கடை வரிசையில் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. பிளஸ் டூவில் கணக்கில் 81 வாங்கியவன். இப்போது அறைக்குள் போனால் வெளியே வருவதில்லை. கேட்டால் "எனக்குக் கணக்கு வராதும்மா, விடு" என்கிறான். அவன் அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அவருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் "படிச்சது போதும், பட்டறைக்கு வா" என்றுவிடுவார் என்று பயமாக இருக்கிறது. அவரிடம் மறைத்துவிடலாமா? டியூஷன் வைக்கலாமா? இந்த அரியரால் வேலை கிடைக்காமல் போய்விடுமா?
— ஒரு தாய், கரூர்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு முன்னால் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

31 வருடம் பொறியியல் கல்லூரிகளில் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். என் மகன் வேறொரு கல்லூரியில் படித்தான். உங்கள் மகனைப் போலவே மூன்றாவது செமஸ்டரில், எம்-3 என்று பிள்ளைகள் சொல்லும் அதே கணக்குப் பேப்பரில் ஃபெயிலானான். செய்தி எனக்கு ஸ்டாஃப் ரூமில் சக ஆசிரியர் ஒருவர் மூலம் வந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போய் அவனிடம் நான் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "கணக்கு டீச்சர் பிள்ளை கணக்கில் ஃபெயில்னா, நாளைக்கு நான் எப்படிக் காலேஜில் தலை காட்டுவேன்?" அதன்பிறகு 11 நாள் நாங்கள் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்ச் சாப்பிடுவான். பல வருடம் கழித்து, அவனுக்கே குழந்தை பிறந்த பிறகு, ஒருநாள் சொன்னான்: "அன்னிக்கு நீ உன் தலையைப் பத்திதான் பேசினேம்மா. என் பேப்பரைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல."

அந்தப் பேப்பரை நான் 12-ஆம் நாள்தான் பார்த்தேன். விடைத்தாள் நகலுக்கு என் கணவர் சத்தமில்லாமல் பணம் கட்டியிருந்தார். அவர்தான் அதைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். ஃபூரியர் தொடர், 16 மதிப்பெண் கணக்கு. சூத்திரம் சரி. தொகையிடலும் (இன்டக்ரேஷன்) சரி, ஒரு பிளஸ், மைனஸ் குறிகூடத் தப்பாகவில்லை. எல்லைகளைப் போடும் இடத்தில் 'காஸ் என் பை' (cos nπ) வருகிறது. அதற்கு மைனஸ் 1 என்று எழுதியிருந்தான். n என்பது 1 என்றால் அது மைனஸ் 1. 2 என்றால் பிளஸ் 1. 3 என்றால் மறுபடி மைனஸ். அப்படி மாறி மாறி வர வேண்டியதை அவன் எல்லா இடத்திலும் மைனஸ் 1 என்றே போட்டிருந்தான். அதற்குக் கீழே வந்த எல்லா வரியும் தப்பு. அடுத்த யூனிட்டின் கணக்கிலும் அதே இடத்தில் அதே தப்பு. நான் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய வரி அது. திருத்துவதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. நான் 11 நாள் பேசாமல் இருந்தது அந்த அரை மணி நேர வேலைக்காக.

அதனால்தான் சொல்கிறேன். பையனைப் பற்றி முடிவு கட்டுவதற்கு முன்னால் பேப்பரைப் பாருங்கள். "ஏன்டா ஃபெயிலான?" என்ற கேள்விக்கு எந்தப் பிள்ளையாலும் பதில் சொல்ல முடியாது. "எந்தக் கணக்கு வரைக்கும் போட்ட, எதில் நின்ன?" என்று கேட்டால் சொல்வான்.

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி என்றால் ரிசல்டில் மதிப்பெண் வராது, கிரேடுதான் வரும். ஃபெயிலானால் 'யு'. 44 வாங்கியவனுக்கும் அதே யு, 4 வாங்கியவனுக்கும் அதே யு. தான் எவ்வளவு தூரத்தில் விழுந்தோம் என்பதே பிள்ளைக்குத் தெரியாது. இருட்டில் விழுந்தவன் கிணற்றில் விழுந்துவிட்டதாகத்தான் நினைப்பான். "எனக்குக் கணக்கு வராது" என்று உங்கள் மகன் சொல்வது அந்த இருட்டில் இருந்துதான். விடைத்தாள் நகல் வாங்க ரிசல்ட் வந்த சில நாட்களுக்குள் கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்குத் தெரியவந்ததே மூன்று வாரம் கழித்து என்பதால் அது கைவிட்டுப் போயிருக்கலாம். பரவாயில்லை. கேள்வித்தாள் அவனிடம் இருக்கும். இல்லாவிட்டால் நண்பர்களின் வாட்ஸ்அப்பில் கிடைக்கும். அதை எடுத்துவைத்து, எழுதியது, பாதியில் விட்டது, தொடாதது என்று மூன்று வண்ணத்தில் குறிக்கச் சொல்லுங்கள். உங்களுக்குக் கணக்குத் தெரிய வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் போதும். பக்கத்தில் ஆள் இருப்பதுதான் முக்கியம்.

பிளஸ் டூவில் 81 வாங்கியவன் இங்கே ஏன் விழுகிறான் என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்தப் பேப்பரில் பாதிக்கு மேல் தொகையிடல். பிளஸ் டூவில் தொகையிடலைக் கொஞ்சம் விட்டுவிட்டும் 81 வாங்கலாம், இங்கே முடியாது. நான் பார்த்த அரியர் பிள்ளைகளில் பெரும்பாலோர் விழுந்தது புதுப்பாடத்தில் இல்லை, பழைய பாடத்தில்தான். அப்புறம் தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளை என்றால், கணக்கு தெரிந்தும் கேள்வியில் என்ன கேட்கிறார்கள் என்று புரியாமல் நிற்பதும் உண்டு. அது இரண்டு வாரத்தில் சரியாகிற விஷயம்.

இனி கொஞ்சம் கணக்குப் போடலாம். இதை அப்படியே அவனிடம் காட்டுங்கள். 2021 விதிமுறைப்படி இந்த மாதிரிப் பாடங்களுக்கு இன்டர்னல், அதாவது கல்லூரியிலேயே போடும் மதிப்பெண், 40; செமஸ்டர் தேர்வு 60 (100-க்கு எழுதுவதை 60-க்குக் குறைத்துக்கொள்வார்கள்). மொத்தத்தில் 50 வேண்டும், செமஸ்டர் தேர்வில் குறைந்தது 45 சதவீதம் வேண்டும். 60-இல் 45 சதவீதம் 27. ஆக, அவனுடைய இன்டர்னல் 23 அல்லது அதற்கு மேல் இருந்தால், 100 மதிப்பெண் தாளில் 45 எடுத்தால் போதும், பாஸ். இன்டர்னல் 20 என்றால் 50 எடுக்க வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம். முதல் முறை வாங்கிய இன்டர்னல் அடுத்த முறைக்கும் செல்லும். தானே தேர்வு நடத்தும் தன்னாட்சிக் கல்லூரி என்றால் விதி கொஞ்சம் மாறும், அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்தத் தாளில் ஐந்து யூனிட். ஒவ்வொன்றிலும் 2 மதிப்பெண் கேள்வி இரண்டு, 16 மதிப்பெண் கேள்வி ஒன்று. ஆக யூனிட்டுக்கு 20. மூன்று யூனிட்டை உருப்படியாகப் படித்தால் கையில் 60-க்கு வழி இருக்கிறது. எந்த மூன்று? அரியர் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் கடைசி யூனிட்டில் இருந்துதான் ஆரம்பிப்பேன். இசட் உருமாற்றம். அதற்குத் தொகையிடல் அதிகம் வேண்டாம். பகுதிப் பின்னமும் பெருக்குத்தொடரும் தெரிந்தால் ஓடும். பயந்துபோன பிள்ளைக்கு முதல் வாரத்தில் ஒரு கணக்காவது விடை வரை போய்ச் சேர வேண்டும், அது இந்த யூனிட்டில் நடக்கும். அடுத்தது முதல் யூனிட், பகுதி வகைக்கெழுச் சமன்பாடு. ஃபூரியர் தொடரை மூன்றாவதாக எடுக்கலாம், அதற்குள் பிளஸ் டூ புத்தகத்தின் தொகையிடல் பாடத்தைத் தூசி தட்டிப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். தினமும் ஒரு மணி நேரம், கையால் எழுதி. யூடியூபில் ஒருவர் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாம் புரிந்ததுபோலவே இருக்கும். பேனா எடுத்தால்தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

டியூஷன்? அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். முதலில் அந்தப் பாடம் எடுத்த ஆசிரியரிடமே போகச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதற்குத்தான் கூச்சப்படுவார்கள். "ஃபெயில் போட்டவர் முகத்தில் எப்படி முழிப்பது" என்பார்கள். செமஸ்டர் தாளை வெளியூர் ஆசிரியர் யாரோ திருத்தியிருப்பார், பாடம் எடுத்தவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. என்னிடம் அரியர் என்று நோட்டோடு வந்து நின்ற எந்தப் பிள்ளையையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான்.

வேலை விஷயத்தில் உங்கள் பயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் பல நிறுவனங்கள் கேட்பது "இப்போது அரியர் நிலுவையில் இருக்கிறதா" என்பதை. எழுதிப் பாஸ் செய்துவிட்டால் அந்தக் கதவு திறந்துதான் இருக்கும். "எப்போதாவது அரியர் இருந்ததா" என்று கேட்பவர்களும் உண்டு, ஆனால் எல்லாரும் அப்படி இல்லை. டிஸ்டிங்ஷன் கிடைக்காது, அதற்கு எல்லாப் பாடத்தையும் முதல் முறையிலேயே பாஸ் செய்திருக்க வேண்டும். முதல் வகுப்பு போகாது. இதை மறைக்காமல் அவனிடம் சொல்லிவிடுங்கள். எது போயிற்று, எது போகவில்லை என்று தெரிந்தால்தான் பிள்ளைக்கு மூச்சு வரும். ஏப்ரல்–மே தேர்வில் மற்ற பாடங்களோடு இதையும் எழுதலாம். இரண்டாம் ஆண்டிலேயே முடித்துவிட்டால் கேம்பஸ் நேரத்தில் இது ஒரு விஷயமே இருக்காது. தள்ளிப்போட்டால்தான் வினை. மூன்றாம் ஆண்டு லேபும் மினி ப்ராஜெக்டும் சேர்ந்து நெருக்கும்போது பழைய கணக்குப் புத்தகத்தை எடுக்க யாருக்கும் கை வராது.

இனி அவன் அப்பா. மறைக்காதீர்கள், அம்மா. ரேஷன் கடை வரிசையில் உங்களுக்குத் தெரிந்தது பட்டறையில் அவருக்குத் தெரியாமல் போகாது. அப்படித் தெரிந்தால் மகன் மட்டுமல்ல, நீங்களும் மறைத்தீர்கள் என்று ஆகிவிடும், பிறகு அந்தப் பிள்ளைக்காகப் பேச உங்களுக்கு இடமே இருக்காது. ஆனால் மகனைக் கேட்காமல் போய்ச் சொல்லாதீர்கள். "அப்பாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்று கேளுங்கள். "நீ சொல்லும்மா" என்றால், அவர் வேலை முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு, படுக்கும் முன், மகன் வண்ணத்தில் குறித்த அந்தக் கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். வெறும் செய்தியாகப் போனால் கோபம்தான் வரும். "மே மாசம் எழுதறான், 45 வேணும், இந்த மூணு பாடம் படிக்கிறான்" என்று போனால் அவருக்கும் பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கும். உங்கள் கணவர் வெல்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு இடத்தில் வெல்டிங் சரியாக விழவில்லை என்றால் முழு பாடியையுமா தூக்கிப் போடுகிறார்? அந்த இடத்தைக் கிரைண்டரால் தேய்த்துவிட்டு மறுபடி பற்றவைக்கிறார். அவரிடம் அவர் வேலையை வைத்துப் பேசுங்கள். பட்டறைக்கு வரச் சொன்னால் அதையும் சண்டையாக்க வேண்டாம். மெக்கானிக்கல் படிக்கும் பையன் ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பட்டறையில் நின்றால் நல்லதுதான். படிப்பை விட்டுவிட்டு வா என்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒரு விஷயம் வேண்டாம். "ராமானுஜனே ஃபெயிலானவர்தான்" என்ற கதையைச் சொல்லித் தேற்றாதீர்கள். நான் கும்பகோணத்துக்காரி. காவிரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் அரசுக் கல்லூரியில்தான் அவர் 1904-இல் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதைப் படிக்காமல் அந்தத் தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து 1907-இல் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்து இடைநிலைக் கல்லூரித் தேர்விலும் தோற்றார். எல்லாம் உண்மைதான். ஆனால் கேட்கிற பிள்ளைக்கு "நான் ராமானுஜன் இல்லையே" என்றுதான் தோன்றும். அந்தக் கதையில் எனக்கு மறக்காமல் நிற்பது வேறு. உதவித்தொகை போன பிறகு, 1905-இல், அந்தப் பதினேழு வயதுப் பையன் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிப் போய்விட்டார். பெற்றவள் என்ன பாடு பட்டிருப்பாள் என்றுதான் நினைப்பேன்.

அதனால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அறைக்குள் அடைந்து கிடப்பது சில நாள் என்றால் வெட்கம். சாப்பாடு, தூக்கம் இரண்டும் கெட்டு, நண்பர்களின் போனையும் எடுக்காமல், "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் காத்திருக்காதீர்கள். "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியே விடாதீர்கள். 104 உதவி எண்ணுக்கோ, டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-க்கோ எந்த நேரத்திலும் பேசலாம், பணம் இல்லை, தமிழில் பேசுவார்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் இருக்கிறார். பேப்பரெல்லாம் அதற்கு அப்புறம்.

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு. அல்லைடு (துணைப்பாட) கணக்கில் ஃபெயில். அந்தப் பாடத்தின் ஆசிரியை வேண்டுமென்றே இன்டர்னலைக் குறைத்துவிட்டார் என்கிறாள். எங்கள் ஊர்க் கவுன்சிலரை அழைத்துக்கொண்டு துறைத்தலைவரைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். சரிதானே?
— ஒரு தந்தை, திருவாரூர் மாவட்டம்

பதில்: கவுன்சிலர் வேண்டாம், ஐயா. நீங்கள் திரும்பி வந்துவிடுவீர்கள், உங்கள் மகள் அங்கே இன்னும் பல செமஸ்டர் உட்கார வேண்டும். ஆனால் போகவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இன்டர்னல் குறைவது நடக்காத காரியமில்லை, மகள் சொல்வதை நம்பாமல் விட்டுவிடவும் கூடாது. முதலில் அவளே போய்த் தன் இன்டர்னல் தேர்வுத் தாள்களையும், அசைன்மென்ட் மதிப்பெண், வருகைப் பதிவு எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பதையும் பார்க்கட்டும். கேட்பது அவள் உரிமை. கூட்டலில் தப்பு இருந்தால் எழுத்தில் விண்ணப்பம் கொடுக்கட்டும், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். அதற்குப் பதில் வராவிட்டால் நீங்கள் துறைத்தலைவரைப் பாருங்கள், மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து. பேசுவது அவளாக இருக்கட்டும். அவள் காகிதத்தை எடுத்துவைத்துப் பேசுவதை நீங்கள் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கேள்வி: மேடம், ஹாஸ்டலில் என் ரூம்மேட்டுக்கு ஐந்து அரியர். வீட்டில் ஆல் கிளியர் என்று சொல்லி வைத்திருக்கிறான். அவன் அப்பா போன் பண்ணினால் சில நேரம் நான்தான் எடுக்கிறேன், பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டில் சொல்லிவிடலாமா?
— மூன்றாமாண்டு மாணவர், சேலம்

பதில்: தம்பி, நீ சொல்லாதே, அவனைச் சொல்ல வை. "இனி உங்க அப்பா கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன்டா, போனை உன்கிட்ட கொடுத்துடுவேன்" என்று இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடு. கோபப்படுவான், படட்டும். அவனை மிரட்டுவதற்காக இல்லை, நீ ஒதுங்கினால்தான் அவன் சொல்வான். உயிருக்கு ஆபத்து என்று உனக்குச் சந்தேகம் வந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அன்றைக்கே வார்டனிடமும் அவன் வீட்டிலும் சொல்லிவிட வேண்டும்.

ஐந்து அரியர் என்பது ஒரே மாதிரி ஐந்து இருக்காது. அவனை உட்காரவைத்து ஐந்தையும் ஒரு தாளில் எழுதச் சொல். அதில் ஒன்றோ இரண்டோ படித்தால் போய்விடுகிற தியரிப் பேப்பராக இருக்கும். அடுத்த தேர்வில் அந்த இரண்டையும் முதலில் தூக்கட்டும், மற்றதுக்கும் கட்டணம் கட்டி எழுதட்டும். வீட்டுக்குப் போன் பண்ணும்போது "அஞ்சு இருக்குப்பா, இந்தத் தடவை இதை இதை முடிக்கிறேன்" என்று அந்தத் தாளைப் பார்த்தே சொல்லலாம். பேசுகிறபோது அவன் குரல் அடைத்துப்போகும், அப்பாவும் கத்துவார். நீ அறைக்கு வெளியே வராந்தாவில் நில். தூரப் போய்விடாதே. பேசி முடித்து அவன் கதவைத் திறந்ததும் இரண்டு பேரும் டீ குடிக்கப் போங்கள். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் எது என்று நோட்டீஸ் போர்டில் பார்த்து அந்தத் தாளின் மேலேயே எழுதி வையுங்கள்.